எமிலியாள் அறுத்த சங்கிலி

சன்னலோரமா கொஞ்சம் நகந்துக்கோ பிள்ள. இந்தப் பையக் காலுக்கடியில வச்சிக்கிடுதேன். பாத்து, உன் வெரல்ல பட்டிராம, நல்ல கனம். உள்ள பூட்டு இருக்கு. சும்மா பூட்டுன்னு நெனைக்காத, இதவிடப் பெருசு தூத்துக்குடியிலயே கெடையாதுன்னுட்டான் கடக்காரன். "எதுக்கும்மா, குடோனுக்கா?"ன்னு கேட்டுச் சிரிக்கான். வீட்டுக்குத்தான்னேன். கடப்பாரையத் தூக்கிட்டு வந்து என் வீட்டுக் கதவ ஒடைக்கதுக்குன்னே சொந்தத்துல ஒருத்தி இருக்கா. அதெல்லாம் அவன்ட்ட சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா?

நான் சமாதானவிளைக்குப் போறேன். ஆமா, கொளம் ஒடஞ்சி வெள்ளம் வந்துதுன்னு டீவியில காட்டுனாம்லா, அந்த ஊருதான். ஊருப் பேரச் சொன்ன ஒடனே எல்லாரும் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு, "ஐயோ, ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலியே"ன்னு கேக்காவ. எனக்கு என்ன ஆகும்? ஆண்டவர நம்புனவளுக்கு என்ன ஆகும்? எங்க வீட்டுல யாருக்கும் ஒரு கீறல் கூட விழல. ஆனா அதுக்குப் பேரு வாங்கிட்டுப் போனது யாரு? எமிலியாள். அதத்தான் என்னால செமிக்க முடியல.

எமிலியாள் யாருன்னா, எனக்கு ஓரகத்தி. எங்க வீட்டுக்காரவியளோட தம்பி பெண்டாட்டி. ஊருக்கே ஜாக்கெட் தைச்சுக் குடுக்கா. நல்லாத்தான் தைப்பா, நான் இல்லைங்கல. கோயில் காரியத்துலதான் ஆளு மோசம். ஆராதனையில ரெண்டாம் பாட்டு முடியப் போகும்போதுதான் வந்து நுழைவா. முக்காடு ஒரு பக்கம், முந்தானை ஒரு பக்கம், கடைசிப் பாயில ஒக்காருவா. அவ ஜெபம் ரெண்டே வரி. "ஆண்டவரே, எல்லாரையும் பாத்துக்கிடும். ஆமென்." ரேஷன் கடையில பேரு குடுக்க மாதிரி. முழங்கால் தரையில பட்டுச்சோ படலியோ, எந்திரிச்சிருவா.

நான் அப்படி இல்ல. பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு நாந்தான் செயலாளர். எத்தன ஐயரு மாறியாச்சு, நான் மாறல. நீ நெத்தியில பொட்டு வச்சிருக்க, ஐயருன்னா உனக்கு வேற மாதிரி தோணும். எங்க பக்கம் பாதிரியாரத்தான் ஐயருன்னு சொல்லுவோம். அவரு சம்சாரம் ஐயரம்மா. சர்ச்சுக்குப் பேரு கோயில். இப்ப புதுசா ஒரு ஐயரம்மா வந்திருக்கா, சின்னப் பிள்ள. வெள்ளத்தன்னைக்கு ஜெபிக்க வந்த எடத்துல போனத் தடவித் தடவி, "அம்மா, இன்னும் மழை இருக்காம், ரெட் அலர்ட்டாம்"ங்கா. நீ ஜெபிக்க வந்தவளா, வானிலை அறிக்கை வாசிக்க வந்தவளான்னு கேட்டுட்டேன். மூஞ்சி சுண்டிப் போச்சு. போட்டும்.

எங்க வீட்டுக்காரவியளப் பத்திச் சொல்லணும்லா. அவியளுக்குப் பேரு ஞானசிகாமணி. டிராயிங் வாத்தியாரா இருந்தாவ. கோயில் சுவத்துல நல்ல மேய்ப்பன் படம் அவிய வரஞ்சதுதான். இப்ப வரைய முடியாது. பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துட்டு, வாயும் ஒரு பக்கமாக் கோணிட்டு. பேச்சு பாதி முழுங்கித்தான் வரும். நாந்தான் தூக்கணும், கழுவணும், ஊட்டணும். ஒரு நாளு மொகஞ் சுளிச்சிருப்பனா? கேளு, ஊருல யாரையும் கேளு. ஒரு வேளை மாத்திரை தவறுனதில்ல.

மழை விடாமப் பெய்யுது. கொளம் முட்டி நிக்குது. பஞ்சாயத்துல இருந்து ஆட்டோவுல மைக்கக் கட்டிக்கிட்டு, மேட்டுத்தெரு பள்ளிக்கூடத்துக்குப் போங்க, எல்லாரும் போங்கன்னு கத்துதான். கத்துன ஒடனே ஓடுதாவ பாரு! எல்லாம் ஞாயித்துக்கெழம முன் வரிசையில ஒக்காருற ஆளுவ. எங்க கோயில் நிர்வாகம், சேகரக் கமிட்டி மெம்பர் ஒருத்தன், போன மாசந்தான் விசுவாசத்தப் பத்தி வாலிபருக்கு ஒரு மணி நேரம் பேசுனவன், கிரைண்டரத் தோளுல தூக்கிட்டு ஓடுதான். கிரைண்டர! "ஏன் ஐயா, ஆண்டவரு ஒங்களக் காப்பாத்துவாரு, கிரைண்டரக் காப்பாத்த மாட்டாரோ?"ன்னு வாசல்ல நின்னு கேட்டேன். திரும்பிப் பாக்கணுமே.

அப்பதான் எமிலியாளும் அவ புருஷனும் வந்தாவ. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் கயிறுமாட்டு. "அக்கா, அத்தானத் தூக்கிட்டுப் போயி பள்ளிக்கூடத்துல விட்டுருதோம். ஒங்க வீடுதான் கொளத்துக்கு மொத வீடு"ங்கா. எனக்குத் தெரியாதா என் வீடு எங்க இருக்குன்னு? கல்யாணம் ஆன நாளுல இருந்து அங்கதானே இருக்கேன். நான் சொன்னேன், "எமிலி, இந்த வீட்டக் கர்த்தர் காப்பாரு. நீ போயி உன் மிஷினத் தூக்கி மேல வை." அவிய கட்டில்ல இருந்து என்னவோ சொல்ல வந்தாவ. இடது கையத் தூக்கித் தூக்கிக் காட்டுனாவ. வாய் கோணல்லா, எனக்கு வெளங்கல. வெளங்கித்தான் என்ன ஆகப் போகுது? அவியளுக்கும் சேத்து நாந்தானே விசுவாசிக்கேன்.

இதுல ஒரு காரியம் உனக்குச் சொல்லணும். எங்க ஊருல சங்கிலி ஜெபம்னு உண்டு. நாந்தான் கொண்டுவந்தேன். ஒரு ஆபத்து வந்தா, காலையில தொடங்கிப் பொழுதடையுற வரைக்கும் நிமிஷம் விடாம பீடத்துக்கு முன்னால ஒருத்தி முழங்கால்ல நிக்கணும். ஆளுக்கு ஒரு மணி நேரம். ஒருத்தி எந்திரிக்கதுக்கு முன்ன அடுத்தவ பக்கத்துல வந்து முழங்கால் போட்டிரணும். நடுவுல எடவெளி விழுந்தா சங்கிலி அறுந்துட்டு. வேற பேச்சு கெடையாது. போன வருஷம் ஒருத்தி பாலு பொங்குதுன்னு வீட்டுக்கு ஓடுனா. அவள ஆறு மாசம் ஜெபக்கூட்டத்துல பாட விடல நான். ஒரு ஒழுங்கு வேணும்லா.

கொளத்துக்கு ஆபத்துன்ன ஒடனே அன்னைக்குச் சங்கிலி போட்டேன். மத்தவியளுக்குத்தான் ஆளுக்கு ஒரு மணி. எனக்கு நாள் முழுக்க. பொழுதடையாம எந்திரிக்கப் போறதில்லன்னு எல்லாருக்கும் முன்னால பொருத்தனை பண்ணிட்டேன். கெளம்புறதுக்கு முன்ன அவியளுக்குக் கஞ்சி குடுத்து, மாத்திரை குடுத்து, நெஞ்சுல வேதப்புஸ்தகத்த வச்சு, அதுல ஒரு சங்கீதம் வாசிச்சு, ஜெபம் பண்ணி, வெளிய வந்து கதவப் பூட்டி, சாவிய இடுப்புல சொருவிக்கிட்டுப் போனேன்.

ஏன் பூட்டுனேன்னு கேக்கியா? நல்லாக் கேட்ட. பூட்டாமப் போனா எமிலியாள் வந்து தூக்கிட்டுப் போயிருப்பாள்லா. அப்புறம் ஊரு என்ன சொல்லும்? "பாருங்க, செயலாளரம்மா நமக்கெல்லாம் பிரசங்கம் பண்ணிட்டு, சொந்தப் புருஷன மட்டும் மேட்டுல கொண்டு வச்சிருக்கா"ன்னு சொல்லாதா? நான் சாட்சியா நிக்கண்டாமா?

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பெறவு உள்ள மணிதான் எமிலியாளுக்கு. வந்தா. வழக்கம் போல பிந்தித்தான் வந்தா, சேலையெல்லாம் முட்டு வரைக்கும் நனஞ்சி, சேறும் சகதியுமா. கோயில்ல பாயெல்லாம் ஒரே சேறு. முழங்கால் போட்டா. போட்டு ரெண்டு வரி சொன்னாளோ என்னவோ. அதுக்குள்ள கோயில் மணி அடிக்குது, டங் டங்னு நிக்காம. கோயிலப் பாத்துக்கிடுற கோயில்பிள்ளை வாசல்ல வந்து நின்னுக்கிட்டு, "அம்மா, மடை ஒடஞ்சிட்டு, தண்ணி தெருவுக்குள்ள வந்துட்டு"ங்கான். ஜெப நேரத்துல யாரக் கேட்டு மணி அடிக்க? நான் கண்ணத் தெறக்கல. கண்ணத் தெறந்தாப் போச்சு. இயேசுவோட சீஷன் பேதுரு தண்ணி மேல நல்லாத்தான் நடந்தாரு, எப்ப காத்தப் பாத்தாரோ அப்பதான் முங்குனாரு. நான் பாக்கவே இல்ல.

அப்ப காதுக்குள்ள ஒரு குரல். "அக்கா, சாவி."

நான் இன்னும் கொஞ்சம் சத்தமா ஜெபிச்சேன்.

"அக்கா, அத்தான் உள்ள கெடக்காவ. சாவியத் தாங்க, நான் ஓடிப் போயிட்டு வந்துருதேன். நீங்க எந்திரிக்கண்டாம்."

சொல்லு பிள்ள, ஜெபத்துல நிக்கவள்ட்ட வந்து சாவி கேக்குற வேளையா அது? உலக காரியம் பேசுற வேளையா? என்னையச் சுத்தி, தன் மணி முடிஞ்சும் போவாத மத்த பொம்பளைய எல்லாம் நிக்காளுவ. எல்லாரும் ஜெபத்த நிறுத்திட்டு என் மொகத்தத்தான் பாக்காளுவன்னு கண்ணத் தெறக்காமலே தெரியுது. அந்தச் சாவிய எடுத்து நான் நீட்டுனா என்ன அர்த்தம்? காலையில இருந்து நான் கத்துனதெல்லாம் வெறும் வாய்ன்னு அர்த்தம். நான் நீட்டுவனா? கண்ண இன்னும் இறுக்கி மூடிக்கிட்டேன். அவ என் தோளப் பிடிச்சு உலுக்குனா. கடைசியா, "அக்கா"ன்னு மட்டுந்தான் சொன்னா. அழுதாளோ என்னவோ, எனக்குத் தெரியாது. அப்புறம் காலடிச் சத்தம். ஓடிட்டா. அவ மணி நேரத்துல பாதி கூட முடியல. சங்கிலி அறுந்துட்டு.

அவ போன ஒடனே ஒண்ணொண்ணா மத்தவளுவளும் எந்திரிச்சுப் போயிட்டாளுவ. ஐயரம்மாவும் போயிட்டா. பீடத்துக்கு முன்னால நான் ஒத்தையா நின்னேன். கோயிலு மேட்டுல இருக்கதுனால தண்ணி படிக்கட்டோட நின்னுட்டு, பீடத்தத் தொடல. பாத்தியா ஆண்டவரு மகிமைய?

இப்ப அவ என்ன செஞ்சான்னு கேளு. கடப்பாரையக் கொண்டு போயி என் பூட்ட நெம்பி, கதவையும் சேத்து ஒடச்சிருக்கா. தேக்குக் கதவு! எங்க மாமனாரு போட்டது. உள்ள தண்ணி கட்டில் மட்டத்துக்கு வந்துட்டு, தெருவுல இடுப்பளவு. தூக்கிட்டு நடக்க முடியல, இழுப்பு ஜாஸ்தி. படகு உண்டா ஊருல? கெடையாது. ஒடனே இந்த மகராசி என்ன செஞ்சா தெரியுமா? கோயில் கொட்டாய்ல அசன அண்டா இருக்கு. அசனம்னா, வருஷத்துக்கு ஒரு தடவ ஊரே கூடி ஒண்ணாப் பொங்கிச் சாப்பிடுவோம், கோயில் விருந்து. அதுக்குச் சோறு பொங்குற அண்டா, ஒரு ஆளு காலை மடக்கி உள்ள ஒக்காரலாம், அவ்வளவு பெருசு. அத ஜெபம் பண்ணித்தான் அடுப்புல ஏத்துவோம். அந்த அண்டாவ உருட்டிக் கொண்டுவந்து, தண்ணியில மெதக்க விட்டு, அதுக்குள்ள என் புருஷன ஒக்கார வச்சு, அவளும் அவ புருஷனும் ரெண்டு பக்கமும் பிடிச்சு மேடு வரைக்கும் இழுத்துட்டுப் போயிருக்காவ! கழுத்தளவு தண்ணியில! கமிட்டியில ஒரு வார்த்தை கேக்கல. டிராயிங் வாத்தியாரு, கோயில் சுவத்துல படம் வரஞ்ச மனுஷன், அவியள அண்டாவுல போட்டு இழுத்துட்டுப் போனா பாக்கவன் சிரிக்க மாட்டானா? எனக்கு அவமானமா இல்லையா?

கட்டில் முங்குச்சான்னு கேக்கியா? முங்கிட்டு. மறுநாளு போயிப் பாத்தேன், சன்னலுக்கு மேல சேறு அடையாளம் நிக்குது. வேதப்புஸ்தகம் ஊறி உப்பிப் போயி அடுக்களையில கெடந்துது. ஆனா கட்டில்ல ஆளு இல்லலா. ஆளில்லாத கட்டில் முங்குனா என்ன, முங்காட்டா என்ன? ஜெபத்துக்குப் பலன் கெடச்சிட்டா இல்லையா, அதச் சொல்லு.

அதத்தான் நானும், வெள்ளம் வடிஞ்சதுக்கு நன்றி சொல்லி வச்ச ஸ்தோத்திர ஆராதனையில எந்திரிச்சுச் சாட்சியாச் சொன்னேன். கோயிலே நெறஞ்சி இருக்கு. அவியளயும் நாற்காலியில கொண்டுவந்து முன்னால வச்சிருந்தாவ. நான் சொன்னேன், "நான் முழங்கால்ல நின்ன அதே நேரம் கர்த்தர் தம்முடைய தூதர அனுப்பி என் வீட்டுக்காரவியள ஆபத்துக்கு விலக்கிக் காத்தாரு"ன்னு. நல்லாத்தான் போயிக்கிட்டு இருந்துச்சு. நாலு பேரு அல்லேலூயாவும் சொன்னாவ. திடீர்னு அவிய இடது கையத் தூக்குதாவ. வாய இழுத்து இழுத்து, "அண்டா"ங்காவ. கையக் கடைசிப் பாயிப் பக்கம் நீட்டி, "எமிலி. அண்டா."

கோயில்ல சிரிப்புன்னா சிரிப்பு. சிரிக்கவன் சிரிக்கான், அழுறவ அழுறா. ஐயரே கைலேஞ்சிய எடுத்து வாயப் பொத்திக்கிட்டாரு. அதுக்கப்புறம் யாரு என் சாட்சியக் கேப்பா? எமிலியாளப் போயிக் கட்டிப் பிடிக்காளுவ. பொன்னாடை வேற போத்துனாவ கமிட்டியில இருந்து! அசன அண்டாவ எடுத்தவளுக்கு அபராதம் போடணும், பொன்னாடையா போடுதது? கிரைண்டரத் தூக்கிட்டு ஓடுனாம்லா, அவந்தான் போத்துனான். பொருத்தமான ஆளுதான்.

அதையும் பொறுத்துக்கிடுவேன் பிள்ள. பேரு போனாப் போட்டும். ஆனா அவிய வீட்டுக்கு வர மாட்டேங்காவ.

ஆமா. அன்னைக்குக் கொண்டு போயி வச்சவ வீட்டுலயேதான் இன்னும் இருக்காவ. வெள்ளம் வடிஞ்சாச்சு, வீட்டக் கழுவியாச்சு, வெள்ளையடிச்சாச்சு, கட்டில காயவச்சுப் புது மெத்தை போட்டாச்சு. கதவையும் ஆசாரி சரி பண்ணிட்டான். "வாங்க போவோம்"னு ஆளுகளக் கூட்டிட்டுப் போயி நின்னேன். இடது கையால எமிலியாள் வீட்டு சன்னல் கம்பியப் பிடிச்சவியதான், விடவே இல்ல. ஒத்தக் கையில அவ்வளவு பெலன் எங்க இருந்து வந்துச்சோ. தூக்க வந்தவனுவ வெக்கப்பட்டுப் போயிட்டானுவ.

தெனமும் மத்தியானம் நாந்தான் சோறு கொண்டு போறேன். குழையப் பெசஞ்சு, முள்ளெடுத்து, அவியளுக்குப் பிடிச்ச சாளைமீன் புளிமுளக் கொழம்பு. நான் ஸ்பூன நீட்டுனா வாயத் தெறக்க மாட்டாவ. அதே சோத்த, நான் ஆக்குன சோத்த, எமிலியாள் ஊட்டுனா திங்காவ! நான் அடுப்புல வேகுறேன், அவ கையால எறங்குது. என்ன மருந்து வச்சாளோ.

என் வீடு எப்படி இருக்கு தெரியுமா? ஜெபம் பண்ணுனா என் சத்தம் எனக்கே திரும்பக் கேக்குது. முன்ன நான் முடிச்சா, கட்டில்ல இருந்து "மேன்"னு ஒரு சத்தம் வரும். ஆமென் முழுசா வராது அவியளுக்கு. இப்ப நானே ஜெபிச்சு நானே ஆமென் சொல்லிக்கிடுதேன். அதான் இந்தப் பூட்டு, அவிய வந்த பெறவு ஒருத்தியும் ஒடைக்கக் கூடாதுலா. இதோட மூணு சாவி குடுத்தான். "வீட்டுல ஆளுக்கு ஒண்ணு வச்சிக்கிடுங்கம்மா"ங்கான். ஆளு யாரு இருக்கா? மூணையும் நானே இடுப்புல சொருவிக்கிட வேண்டியதுதான்.

என்ன? அன்னைக்குச் சாவியக் குடுத்திருக்கலாமேவா? இதத்தான் ஐயரம்மாவும் கேட்டா, வெளியூருல கட்டிக்குடுத்த எம் மவளும் போன்ல கேட்டா. நீயும் அதையே கேக்க. ஜெபத்துல நின்னேன்னு சொல்லுதேன், ஒருத்திக்கும் மண்டையில ஏற மாட்டேங்கு. விசுவாசம்னா என்னன்னு இந்தக் காலத்துல யாருக்குத் தெரியுது?

நான் எங்க ஸ்டாப்புல எறங்கல, அடுத்ததுல எறங்குவேன். எமிலியாள் வீடு அங்கதான். மேல தூக்குவாளி இருக்கு பாரு, அதுல சோறு இருக்கு. காலையிலயே ஆக்கிக் கையோட கொண்டுவந்துட்டேன். இன்னைக்கும் போவேன். இன்னைக்கும் என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். நேத்துப் போனேன். கட்டிலுக்குப் பக்கத்துல முழங்கால் போட்டு ஒக்காந்து, காதுக்குள்ள போயிச் சொன்னேன், "ஏங்க, வீட்டுக்குப் போவோம் வாங்க." நான் வந்த ஒடனே கண்ண மூடிக்கிட்டாவ. மறுபடியும் கூப்பிட்டேன். கண்ண இன்னும் இறுக்கி மூடிக்கிட்டாவ. தோளப் பிடிச்சு உலுக்கிக் கூடப் பாத்தேன். அசையணுமே. ஒறங்கல, எனக்குத் தெரியாதா, இமை துடிக்குது. மிஷின்ல இருந்து தலையத் தூக்காம எமிலியாள் சொல்லுதா, "விடுங்க அக்கா, அத்தான் ஜெபத்துல இருக்காவ போல."

ஜெபமாம்! கட்டுன பெண்டாட்டி பக்கத்துல நின்னு, கண்ணீரும் கம்பலையுமாக் கூப்பிடுதேன், காது கேக்குது, ஆனா கண்ணத் தெறக்க மாட்டாவளாம். நீ படிச்ச பிள்ள, நீயே சொல்லு. அதுக்குப் பேரு ஜெபமா?